பதிவேற்றிய பாடம் மனத்தில் பதிந்துவிடாது: இணையவழிக் கற்பித்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மே மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு பள்ளியின் மாடியறையில், இணையவழிப் பாடம் நடத்தப் புதிதாக முன்வந்த ஆசிரியர்கள் பன்னிரண்டு பேருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். மின்விசிறியின் கடகடப்பை மீறி எழுந்த முதல் கேள்வி, "எந்த கேமரா வாங்கலாம், சார்?" என்பது. இரண்டாவது, ஒரு பாடத்துக்கு எத்தனை காணொளி போடவேண்டும் என்பது. அந்தக் காணொளியை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி மூன்றாம் நாள் மாலைவரை வரவேயில்லை. 2020ஆம் ஆண்டு நான் கேட்டதும் இதே இரண்டு கேள்விகளைத்தான், இதே வரிசையில்தான் என்பதால், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் பேசுவது, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முகத்தை இருட்டாக்கிக்கொள்வது, பதிவுப் பொத்தானை அழுத்த மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பத்து நாளில் தாமாகத் திருந்திவிடும். ஆண்டுக்கணக்கில் திருந்தாதவை வேறு.

முழு வகுப்பையும் படம்பிடித்து ஏற்றிவிடுவது

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் கற்பிப்பவன். ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டுக் கோடையில், வீட்டு மாடிச்சுவரில் கரும்பலகைச் சாயம் அடித்து, முக்காலி, வளைய விளக்கு, சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் செலவழித்து, பதினோராம் வகுப்புப் பாடம் முழுவதையும் ஐம்பத்தெட்டுக் காணொளிகளாக எடுத்தேன். ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம். அதாவது பள்ளியில் ஒரு பாடவேளை எவ்வளவோ அவ்வளவு. பகலில் தெருச்சத்தம் அதிகம் என்பதால் விடியற்காலையில் எழுந்து பதிவு செய்தேன். ஐம்பத்தெட்டாவது காணொளியை ஏற்றிய அன்று பெரிய கடமையொன்றை முடித்த திருப்தியோடு தூங்கினேன்.

2021 பிப்ரவரி 8ஆம் தேதி பதினோராம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்த வாரமே, நம் ஏட்டிலுள்ள இருப்பையும் வங்கி காட்டும் இருப்பையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் ஓர் எளிய கணக்கைக் கொடுத்தேன். நாற்பத்தொரு பேரில் ஆறு பேர்தான் போட்டார்கள். காணொளிகளைத் தவறாமல் பார்த்தவன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பையனை எழுப்பி, நாம் விடுத்த காசோலையை யாரும் இன்னும் வங்கியில் கொடுக்கவில்லையென்றால், ரொக்க ஏட்டு இருப்போடு அந்தத் தொகையைக் கூட்டுவதா, கழிப்பதா என்று கேட்டேன். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்த இடத்துல ஒரு சேவல் கூவும், சார்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கேலி செய்யவில்லை. அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்திருந்தான். நான் எந்த நிறச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன் என்பதுகூட அவனுக்கு நினைவிருந்தது. கூட்டுவதா கழிப்பதா என்பது மட்டும் நினைவில் இல்லை, ஏனென்றால் அதை முடிவு செய்யும் வேலையை மூன்று முறையும் நானே செய்துவிட்டேன்.

இதன் காரணம் புதிதன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைப்பகுதியை ஒரு குழுவினர் நான்கு தவணைகள் படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று தவணைகளிலும் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்களோ 61 விழுக்காட்டில் நின்றார்கள். இதில் கவனிக்கவேண்டியது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள் என்பது. காணொளியும் அப்படித்தான்: ஆசிரியர் தங்குதடையின்றிக் கணக்கைப் போட்டு முடிக்கும்போது, பார்ப்பவருக்குத் தாமே போட்டு முடித்ததுபோன்ற ஒரு மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது.

அப்படியானால் நாற்பத்தைந்து நிமிடக் காணொளியை ஏழு துண்டாக வெட்டிவிடலாமே என்று பயிற்சியில் உடனே கேட்டார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கும் நேரம் நடுநிலையளவில் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது உண்மைதான். ஆனால் வகுப்பறைக்காகப் பேசிய பேச்சைப் பின்னர் துண்டாடிப் போட்டால் அது அவ்வளவாக எடுபடுவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பெரும் பொருட்செலவில் அரங்கம் அமைத்து எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தம் மேசையில் உட்கார்ந்து எதிரில் ஒருவரோடு பேசுவதுபோல எடுத்தவையே மாணவர்களைப் பிடித்து நிறுத்தின என்பதும் அதில் இருக்கிறது. என் வளைய விளக்கை நான் அப்போதே பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்திருக்கலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். காணொளிக்கு முன்பாகவே ஒரு கேள்வி போய்விடும்: "ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 12,000 ரூபாய். 3,000 ரூபாய்க்கு நாம் விடுத்த காசோலை ஒன்று இன்னும் வங்கிக்கு வரவில்லை. வங்கி அறிக்கையில் எவ்வளவு இருக்கும்?" பாடம் தெரியாமலே மாணவர் ஏதோ ஒரு விடையை எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். பாதிப்பேர் 9,000 என்று எழுதுவார்கள். ரொக்க ஏட்டில் அந்தத் தொகையை நாம் முன்பே கழித்துவிட்டோம், வங்கிக்கு அது இன்னும் தெரியாது, ஆகவே அங்கே 15,000 இருக்கும் என்று விளக்கும் ஐந்து நிமிடக் காணொளி அதன் பிறகே போகும். தவறாக எழுதியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைப் பார்க்கும் விதமே வேறு. மறுநாள் இன்னொரு கணக்கு, அடுத்த வாரம் அதே வகையில் முன்னறிவிப்பின்றி ஒன்று. ஐம்பத்தெட்டுக் காணொளிகள் இப்போது பத்தொன்பதாகக் குறைந்துவிட்டன; கேள்விகள் நூற்றைம்பதை நெருங்குகின்றன.

இதில் நான் கண்டுபிடித்தது எதுவுமில்லை. 2017 சூலை 9 அன்று தொடங்கப்பட்ட, இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்கள் காணொளி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீட்டு வினாக்கள், கலந்துரையாடல் என்று நான்கு கூறுகளாக வகுக்கப்பட்டவை; காணொளி அவற்றில் கால்பங்குதான். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் சான்றிதழ்ப் படிப்புகளில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வும் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டு தொலைநிலைக் கல்வியைத் தொடங்கிய காலத்தில் பாடம் அச்சில் வந்தது. தபாலில் படித்த தலைமுறைக்குக் கையில் பேனா இல்லாமல் படிப்பு நகராது. கேமரா வந்தபிறகுதான் நாம் பேனாவை மறந்தோம்.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, இந்தத் தவறை ஊக்குவிக்கும் படிவம். மாத இறுதியில் எங்களிடம் நிரப்பக் கொடுக்கும் தாளில் "பதிவேற்றிய காணொளிகள்" என்று ஒரு கட்டமும் "பார்வைகள்" என்று இன்னொரு கட்டமும் இருக்கும். எத்தனை மாணவர் கணக்குப் போட்டு அனுப்பினார்கள் என்பதற்குக் கட்டமே கிடையாது. ஐந்து நிமிடக் காணொளி ஒன்றுக்காக நாற்பது விடைத்தாள்களைத் திருத்திய மாதம், அந்தத் தாளின்படி நான் சோம்பேறி.

ஆளுக்கொரு செல்பேசி இருக்கும் என்று நினைப்பது

சோனாங்குப்பத்திலிருந்து வந்த என் மாணவி ஒருத்தியின் வீட்டில் இருந்த ஒரே செல்பேசி, அவளுடைய அம்மாவோடு மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்பும். காலை பத்து மணி நேரலை வகுப்புக்கு அவள் வராததை நான் இரண்டு மாதம் அக்கறையின்மை என்று குறித்துவைத்திருந்தேன். மாலையிலும் அந்தச் செல்பேசிக்கு அவளுடைய தம்பி போட்டியாக நிற்பான்.

தரவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் ஓடும் நாற்பத்தைந்து நிமிடக் காட்சி ஏறக்குறைய 340 மெகாபைட் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் நான்கு பாடம் என்றால், நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்ற சிப்பத்தில் மிச்சம் அதிகமிராது. அதே நாற்பத்தைந்து நிமிடப் பேச்சை 32 கிலோபிட் ஒலிக்கோப்பாக அனுப்பினால் 11 மெகாபைட்டுக்குள் அடங்கும்; கரும்பலகையின் படம் இரண்டு சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. நேரலை வகுப்பைக் கேள்வி கேட்பதற்கு மட்டும், அதுவும் மாலை ஏழு மணிக்குமேல், வைத்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு புதுச்செயலி

வேண்டாம்.

தானாக மூடிக்கொள்ளும் கெடு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் இயங்கவில்லை. ஒப்படைப்புக்கு நான் முன்பே அமைத்துவைத்திருந்த கெடு மட்டும் நள்ளிரவு 11.59க்குச் சரியாக மூடிக்கொண்டு, ஒன்பது பேருக்குப் பூச்சியம் போட்டுவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு தந்தை வந்து, புத்தகப்பையே ஆற்றோடு போய்விட்டது என்று சொன்ன பிறகுதான் நான் மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வங்கக் கடலோரத்தில் பாடம் நடத்துகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தக் கெடுவையும் தானியங்கிக்கு விட்டுவிடாமல் தம் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

எழுதியது யார் என்பதை இயந்திரத்திடம் கேட்பது

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு, ஒப்படைப்புகளில் திடீரென்று பிழையற்ற ஆங்கிலம் தென்படத் தொடங்கியது. கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றில் ஒரு மாணவியின் கட்டுரையை இட்டேன். அது இயந்திரம் எழுதியது என்று வந்தது. அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்துக் கடிந்துகொண்டேன். அவள் மறுத்துப் பேசாமல் மறுநாள் அடித்தல் திருத்தலோடு கூடிய கைப்பிரதி நான்கு பக்கத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் குறைவு என்று சொல்லி அதே ஆண்டு சூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டு சோதித்தபோது, சராசரியாகப் பாதிக்குமேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. நம் பிள்ளைகள் எல்லாரும் அந்த வரிசையில் நிற்பவர்கள்தான். ஐயம் வந்தால் எதிரில் உட்காரவைத்து, எழுதியதில் ஒரு பத்தியைத் தம் சொல்லில் விளக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணிடம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

மதிப்பெண் பட்டியலைப் பொதுக் குழுவில் போடுவது

பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் போடக்கூடாது.

மொழிபெயர்ப்புக் கருவி தரும் தமிழை அப்படியே ஒட்டுவது

பாடப்பொருளை ஆங்கிலத்தில் தயாரித்து, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் தமிழாக்கி, வாசிக்காமலே திரையில் போடும் வழக்கம் இப்போது பரவுகிறது. பாடநூலில் "இருப்பாய்வு" (டிரயல் பேலன்ஸ்) என்று படித்த மாணவர் திரையில் "சோதனைச் சமநிலை" என்று பார்க்கும்போது, அது வேறு பாடம் என்றே நினைத்துக்கொள்வார். பயிற்சிக்குப் பாகூரிலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவரின் படவில்லைகளில் "வாராக்கடன்" என்பது "மோசமான கடன்" ஆகவும், "நற்பெயர்" என்பது "நல்லெண்ணம்" ஆகவும் மாறியிருந்தன. மதிய உணவு வேளையில் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். நானும் கூட உட்கார்ந்து சரிபார்த்தேன். இருவர் கண்ணிலும் படாமல் ஒன்று தப்பிவிட்டது. உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்ட தொகையான எடுப்புகளை, ஆங்கிலத்தில் "டிராயிங்ஸ்" என்பதை, காட்டும் வரி, மறுநாள் பன்னிரண்டு பேர் முன்னால் திரையில் இப்படி வந்து நின்றது: "உரிமையாளரின் ஓவியங்கள்: 5,000 ரூபாய்."