தூது ஆர்.என்.ஏ.: விடைத்தாளில் சறுக்கும் இடங்கள்

டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ. நகலெடுக்கும் படியெடுத்தல் பற்றிக் கேள்வி வந்தாலே என் சிவப்புப் பேனா தயாராகிவிடும். பாதித் தவறு திசையில்தான். வார்ப்புரு இழை (நகலெடுக்கப்படும் டி.என்.ஏ. இழை; 5', 3' என்பவை அதன் இரு முனைகள்) 5'-டி டி ஏ சி ஏ டி-3' என்று கொடுத்தால், இடமிருந்து வலமாக ஜோடி போட்டு 'ஏ ஏ யூ ஜி யூ ஏ' என்று எழுதி, அதை அப்படியே 5' முனையிலிருந்து படித்துவிடுகிறார்கள். ஆர்.என்.ஏ. 5'-இலிருந்து 3' நோக்கித்தான் வளரும். அதற்கு, ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் நொதி வார்ப்புருவை 3' முனையிலிருந்து படித்தாக வேண்டும். சரியான விடை 5'-ஏ யூ ஜி யூ ஏ ஏ-3'. முதல் மூன்று எழுத்து தொடக்கக் குறியன் (புரதம் இங்கே தொடங்கு என்னும் குறி), அடுத்த மூன்று நிறுத்தக் குறியன். திசை மாறினால், முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் படிக்கும்போது இரண்டுமே காணாமல் போய்விடும்.

இந்த ஏயூஜி-யில்தான் படியெடுத்தல் தொடங்குகிறது என்று எழுதுவதும் தவறு. படியெடுத்தல் தொடங்கும் இடத்தைக் காட்டுவது புரோமோட்டர் என்ற டி.என்.ஏ. பகுதி. ஏயூஜி, புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான அடையாளம். பெரும்பாலும் சற்றுத் தள்ளித்தான் வரும். எக்ஸான் (இறுதித் தூது ஆர்.என்.ஏ.வில் தங்கும் பகுதி) முழுவதும் புரதமாகிவிடாது என்பதும் இதனால்தான்.

பாக்டீரியாவுக்கு உட்கரு வரைபவர்களை என்ன சொல்ல! அங்கே உட்கரு உறையே இல்லாததால், ஆர்.என்.ஏ. பாதி உருவாகும்போதே ரைபோசோம்கள் ஏறிக்கொள்ளும். ஒரு தூது ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு புரதம் என்ற கணக்கும் அங்கே செல்லாது, ஈ.கோலை பாக்டீரியாவின் லாக் ஓபரானில் (சேர்ந்தே படியெடுக்கப்படும் மரபணுத் தொகுப்பு) ஒரே தூது ஆர்.என்.ஏ. மூன்று புரதங்களுக்கான செய்தியைச் சுமக்கிறது.

உட்கரு உள்ள உயிர்களான யூகேரியோட்டில் வேறு சிக்கல். படியெடுத்தல் முடிந்த பிறகுதான் தொப்பி (5' முனையின் மூடி), இன்ட்ரான் நீக்கம் (இடையிலுள்ள வேண்டாத பகுதிகளை வெட்டுவது), வால் (3' முனையில் ஒட்டும் ஏ வரிசை) என்று வரிசையாக எழுதுகிறார்கள். உண்மையில் இருபது, முப்பது நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. எழுத்து) வளர்ந்ததுமே தொப்பி ஏறிவிடும். மனித டிஸ்ட்ரோஃபின் மரபணுவைப் பாருங்கள்: சுமார் 22 லட்சம் கார இணைகள், படியெடுக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம், கடைசியில் தூது ஆர்.என்.ஏ.வில் மிஞ்சுவது வெறும் 14,000 சொச்சம் நியூக்ளியோடைடு. அத்தனை இன்ட்ரான்களும் கடைசிவரை காத்திருப்பதில்லை. பல, நொதி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டப்படுகின்றன.

அப்புறம் அந்த வால். அதற்காக டி.என்.ஏ.வில் நீளமான டி வரிசையைத் தேட வேண்டாம், இருக்காது. வார்ப்புரு இல்லாமலே தனி நொதி ஒன்று ஏறத்தாழ 200 ஏ-க்களை ஒட்டுகிறது. பாக்டீரியாவுக்கு வாலே கிடையாது என்று அடித்துச் சொல்வதும் ஆபத்து. அங்கேயும் சிலவற்றுக்குக் குட்டி வால் உண்டு. ஆனால் அது காப்பாற்றுவதில்லை, சிதைவைத்தான் விரைவுபடுத்துகிறது.