வெளிநாட்டு நண்பர் நம்ம கடற்கரைக்கு வந்தால்

வேலைக்கோ படிப்புக்கோ போன இடத்தில் கிடைத்த வெளிநாட்டு நண்பரை ராமநாதபுரம் பக்கம் அழைத்து வருவதாக இருந்தால், ஜனவரி, பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள். வெயில் தாங்கும், தனுஷ்கோடியில் பூநாரைகளைப் பார்க்கவும் வாய்ப்பு அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நல்ல மீன் வரத்து குறையும், விலையும் ஏறும்.

தனுஷ்கோடிக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் நின்று அந்தக் கதையைச் சொல்லுங்கள். கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் படகுச் சவாரி இருக்கிறது. கூட்டமில்லாமல் நிதானமாகப் பேசிக்கொண்டே போக எனக்குத் தெரிந்து இங்கே அதைவிட நல்ல இடம் இல்லை.

முதல் நாளே காரமான மீன் குழம்பு வேண்டாம். இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, மசாலா குறைத்துப் பொரித்த மீன் போதும். வயிறு பழகட்டும், அப்புறம் குழம்பு. முடிந்தவரை வீட்டுச் சாப்பாடாகவே கொடுங்கள். அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடியாப்பம் பிழிந்து பார்த்தால் பாஷை தெரியாவிட்டாலும் நெருக்கம் வந்துவிடும். இனிப்புக்குக் கீழக்கரைத் தொதல் இருக்கவே இருக்கிறது.

பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை என்று எதையும் நினைவுப்பொருளாகக் கொடுத்துவிடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அவர்தான். பனையோலைக் கொட்டான் வாங்கிக் கொடுங்கள். எடையும் இல்லை, பெட்டியில் அடங்கிவிடும்.