உறைவுலர்த்தியில் ஆவி போகும் வழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முருங்கையிலையையோ வல்லாரையையோ எதனோலில் ஊறவைத்துச் சாறெடுத்து, அதை அப்படியே குடுவையில் ஊற்றி உறைவுலர்த்தியில் (உறைந்த மாதிரியிலுள்ள பனியை வெற்றிடத்தில் ஆவியாக்கி உலர்த்தும் கருவியில்) மாட்டிவிடுவதுதான், பம்பைமடு, அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வைத் தொடங்கும் மாணவர் ஒருவர் எளிதில் செய்துவிடக்கூடிய தவறு. கண்ணாடிக் குடுவையை எதனோல் ஒன்றும் செய்யாது என்பது உண்மையே. ஆனால் ஆவி குடுவையோடு நின்றுவிடுவதில்லை. மூடி, இறப்பர் வளையம், ஆவியைக் குளிரால் பனியாக்கிப் பிடிக்கும் ஒடுக்கி, வெற்றிடம் உண்டாக்கும் பம்பியின் எண்ணெய் என வழியிலுள்ள அனைத்தையும் அது தொட்டுச் செல்கிறது.

எதனோல் −114 பாகை செல்சியசிலும், மெதனோல் −98 பாகையிலும், அசற்றோன் −95 பாகையிலுமே உறைகின்றன. ஆகவே −50 பாகை ஒடுக்கியில் மட்டுமன்றி −85 பாகை ஒடுக்கியிலும் அவை பனியாகப் படியாமல், ஒரு பகுதி ஆவியாகவே பம்பியை அடைந்து எண்ணெயைக் கெடுக்கின்றன. வெற்றிடம் குறைய, மாதிரியும் உருகிப் பொங்குகிறது. சுழல் ஆவியாக்கியில் கரைப்பானை நீக்கி, எஞ்சியதை நீரில் கலந்து நன்றாக உறையவிட்ட பின்னரே மாட்ட வேண்டும்.

அக்கிரிலிக் (கண்ணாடி போன்ற பிளாத்திக்கு) மூடியைப் பற்றி அழுத்தியே சொல்கிறேன். அசற்றோன் அதைக் கரைக்கும். எதனோல் நனைத்த துணியால் துடைத்தாலே வெடிப்புக் காணலாம். மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: விளிம்பை ஒட்டி மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால், அதை மறுபடி வெற்றிடத்துக்கு உட்படுத்தக் கூடாது, ஏனெனில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 1 கிலோகிராம் நிறைக்குச் சமமான வளியமுக்கம் அதன்மேல் அழுத்துகிறது. துடைப்பதற்கு மென்சவர்க்கார நீரே போதும்.

விலை கூடிய வளையம் எதையும் தாங்கும் என்று நம்புவதும் தவறே. வைற்றன் என்னும் இறப்பர் எக்சேன் என்ற கரைப்பானைத் தாங்கும், அசற்றோனில் வீங்கும், ஈ.பி.டி.எம். இறப்பர் அதற்கு நேர்மாறு. கழற்றிய வளையம் தன் தவாளிப்பில் திரும்ப அமராவிட்டால் அது வீங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கறையில் உருக்கு என்ற பெயரை நம்பி ஐதரோக்குளோரிக் அமிலம் கலந்த மாதிரியை உலர்த்துவோரும் உண்டு. குளோரைட்டு அந்த உருக்கையும் குழி குழியாக அரிக்கும். இரவில் மின்சாரம் நின்றால் ஒடுக்கியிலுள்ள பனி உருகி, அமிலநீராக விடியும்வரை அடியில் தேங்கிக் கிடக்கும். எனவே ஒவ்வொரு முறையும் பனி உருகியவுடன் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, உலரத் துடைக்க வேண்டும். வெளிற்றும் தூள் கரைசலால் கழுவக் கூடாது, அதிலும் குளோரைட்டு உண்டு.