பாய்மரத்தை அளந்துவிட்டு வேன் பாருங்கள்: விண்ட்சர்ஃபிங் தொடங்கியவர்களுக்கு

விண்ட்சர்ஃபிங் செய்ய (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் வேகத்தில் கடலில் ஓட) லண்டனிலிருந்து இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவுக்குப் போகிற ஒவ்வொரு சனிக்கிழமையும், கார் கூரையில் போர்டையும் பாய்மரத்தையும் ஏற்றி வார் இழுத்துக் கட்டவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பும்போது இருட்டில், விறைத்த விரல்களோடு மறுபடியும் அதே வேலை. இரண்டு குளிர்காலம் அப்படி ஓட்டிய பிறகுதான் பழைய வேன் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை, இந்த நாட்டு நிலவரப்படி, வரிசையாகச் சொல்கிறேன்.

(ஹேலிங் தீவு சாதாரண இடம் அல்ல. 1958இல் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் பலகையில் பாய் கட்டி ஓட்டிப் பார்த்த கரை அது. பல ஆண்டுகள் கழித்து, விண்ட்சர்ஃபிங் காப்புரிமை பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் செல்லாமல் போனபோது அந்த யோசனை முன்பே இருந்தது என்பதற்கு அந்தச் சிறுவனின் பலகை முக்கியச் சாட்சியாக நின்றது.)

படி 1: வீட்டில் அளவெடுங்கள்

வேன் விளம்பரத்தைத் திறக்கும் முன் டேப்பை எடுங்கள். பாய்மரம் இரண்டு துண்டாகக் கழலும். 430 செ.மீ. மரத்தின் பாதி 215 செ.மீ., 490 மரம் என்றால் 245, இரண்டிலும் பொருந்தும் முனையின் நீளம் அதற்கு மேல் சேரும். இப்போதைய ஃப்ரீரைடு (பொதுவாக ஓட்டி மகிழ்வதற்கான) போர்டுகள் பெரும்பாலும் 230 முதல் 250 செ.மீ. நீளம். பழகுபவர்களுக்கான அகலப் போர்டு இன்னும் நீளமாக இருக்கலாம். பூமை (பாயைப் பிடித்து ஓட்டும் கைப்பிடிக் குழாயை) முழுக்க உள்ளே தள்ளி அளக்க வேண்டும். போர்டை உறைக்குள் போட்டு அளப்பது முக்கியம், ஏனென்றால் உறை ஐந்து பத்து சென்டிமீட்டர் கூட்டிவிடும்.

கிடைத்த எண்களில் பெரியதோடு 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய உள்நீளம்.

படி 2: நீளமும் உயரமும்

ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5, டி6 வண்டிகளில் ஷார்ட் வீல்பேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் குறைந்த வண்டிக்கு) தரைமட்ட உள்நீளம் ஏறத்தாழ 257 செ.மீ., லாங் வீல்பேஸுக்கு 297. 2014இல் வந்த ரெனோ ட்ராஃபிக்கும், 2012இல் வந்த ஃபோர்டு டிரான்சிட் கஸ்டமும் இதே அளவை ஒட்டியவை. தரைமட்டம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்கதவு மேலே போகப் போக உள்பக்கம் சாய்வதால், இடுப்பு உயரத்தில் சில சென்டிமீட்டர் குறைந்துவிடும். தரையில் படுக்கும் போர்டு அதே வண்டியின் மேல்தட்டில் படுக்காது.

எல்லா உருப்படியும் 245க்குள் அடங்கினால் ஷார்ட் வீல்பேஸ் போதும் என்பது என் கருத்து. கடற்கரைக் கிராமங்களின் ஒடுங்கிய தெருக்களில் அந்த 40 செ.மீ. குறைவின் அருமை தெரியும். பெரிய மரம் வைத்திருப்பவர்களும் உள்ளேயே தூங்க நினைப்பவர்களும் லாங் எடுங்கள்.

உயரத்தில் ஆசைப்படாதீர்கள். நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம் என்று உயரக் கூரை வேன் வாங்கத் தோன்றும். ஆனால் பல கடற்கரை வாகன நிறுத்தங்களில் இரண்டு மீட்டரை ஒட்டி இரும்புத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். காற்று நன்றாக அடிக்கிற நாளில் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு கடலைப் பார்ப்பது பெரிய வேதனை. டிரான்ஸ்போர்ட்டர் இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைவு. கூரையில் ரேக் மாட்டினால் அந்தக் கணக்கும் போய்விடும்.

படி 3: பின்கதவு

மேலே தூக்கும் ஒற்றைக் கதவா, பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவா? நான் தூக்கும் கதவின் பக்கம். மழையில் அதுவே கூரையாகி, கீழே நின்று வெட்சூட் (குளிர்நீருக்கான இறுக்கமான உடை) கழற்ற இடம் தரும். இரட்டைக் கதவைப் பலத்த காற்று பிடுங்கி அடித்தால் கீல் வளையும், விரலும் நசுங்கும். எந்தக் கதவானாலும் வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்கு வைத்து நிறுத்துங்கள். பின்பக்கம் மறைவாக இருக்கும்.

படி 4: சட்டமும் செலவும்

லண்டனில் இருப்பவர்கள் யூலெஸ் விதியை (அதிகப் புகை விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் விதியை) முதலில் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகராட்சிப் பகுதிகளுக்கும்) அது பொருந்தும். டீசல் என்றால் யூரோ 6, பெட்ரோல் என்றால் யூரோ 4 தரம் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மலிவான பழைய டீசல் வேன் ஒரே வருடத்தில் மலிவில்லாமல் போவது இப்படித்தான். வியாபாரியிடம் வாங்கினால், விளம்பர விலையோடு 20 சதவீத வாட் வரி தனியா என்று கேளுங்கள். பழைய எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) பதிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 'துரு' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். உப்புக் காற்று மிச்சத்தையும் தின்றுவிடும்.

வேக வரம்பும் மாறும். சரக்கு வேனுக்கு, நடுவே தடுப்பு வைத்துப் பிரித்த இரட்டைச் சாலையில் மணிக்கு 60 மைல், பிரிப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் 50. ஏ3 சாலையில் காரில் போன பழக்கத்தில் அழுத்திவிடாதீர்கள்.

படி 5: உள்ளே அடுக்குவது

இங்கே வண்டி இடப்பக்கம் ஓடுவதால் தள்ளுகதவு பெரும்பாலும் இடப்புறம்தான் இருக்கும். ஆகவே வலப்பக்கச் சுவரை ஒட்டி, பழைய கம்பளம் சுற்றிய மரச்சட்டங்களில் போர்டுகளை விளிம்பில் நிறுத்துங்கள். சக்கர மேடுகளுக்கு இடையே டிரான்ஸ்போர்ட்டரில் 124 செ.மீ. அகலம் உண்டு, பாய்கள், பூம், ஈரத்துணி டப்பா எல்லாம் அங்கே.

பாய்மரத்தைச் சும்மா போடக் கூடாது. திடீரென்று பிரேக் அடித்தால் அது ஈட்டிபோல முன்னால் பாயும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரை, இடம் கிடைக்கும் என்று கழற்றிவிடாதீர்கள். தரையிலுள்ள கொக்கிகளில் எல்லாவற்றையும் வாரால் இறுக்குங்கள். வெயில் நாளில் மூடிய வண்டிக்குள் போர்டை விட்டால், உள்ளிருக்கும் நுரை விரிந்து மேலோடு பிரியலாம். நிழலில் நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

படி 6: பார்க்கப் போகும் நாள்

டேப்பை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் நீளமான பாதி மரத்தையும், போர்டின் நீள அகலத்துக்கு வெட்டிய அட்டை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்படாமல் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். அழுத்தாமல் 'டக்'கென்று பூட்டிக்கொண்டால் விலை பேச ஆரம்பிக்கலாம்.