கீழ் பாத்ரூம் வாடை மேல் பாத்ரூமில்: ஒரே டக்டில் இரண்டு ஃபேன் ஓட்டுவது எப்படி

எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு தளம். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி எழும்பியதில் இரண்டு பாத்ரூமுக்கும் ஜன்னல் போச்சு. ஆளுக்கொரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, இரண்டையும் ஒரே நான்கு அங்குல பிவிசி குழாயில் இணைத்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அப்புறம் நடந்தது என்னவென்றால், கீழே தாத்தா பீடி பற்றவைத்தால் மேலே குளிக்கிறவருக்கு மூச்சு முட்டும். ஃபேன் பழுது என்று நினைத்து ஒன்றை மாற்றிக்கூடப் பார்த்தேன். ஃபேனில் ஒரு குறையும் இல்லை, இணைத்த விதத்தில்தான் கோளாறு.

படி 1: முதலில் கணக்கு

ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் காற்றின் அளவு, பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. குழாயில் மாட்டியதுமே அது குறையும். குழாயின் தடை காற்றின் வேகத்தோடு இருபடியாக ஏறும், அதாவது அதே குழாயில் இரண்டு மடங்கு காற்றை அனுப்ப நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அதனால் இரண்டு ஃபேன் போட்டால் இரண்டு மடங்கு காற்று வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றன் பின் ஒன்றாக ஒரே குழாயில் மாட்டினால் அழுத்தம் கூடும். நின்றுபோன காரை இரண்டு பேர் தள்ளுவது மாதிரி. ஆனால் ஒரே மாதிரி ஃபேன் இரண்டு போட்டாலும் காற்று கூடுவது அதிகபட்சம் 40 சதவீதம், நடைமுறையில் அதைவிடக் குறைவு. தனித்தனிக் கிளையாக வந்து ஒரே பொதுக் குழாயில் சேர்த்தால் காற்றின் அளவு கூடும், குழாய் அகலமாக இருந்தால் மட்டும். ஒல்லியான குழாயில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சும்மா இரையும். எங்கள் வீட்டு அமைப்பு இந்த இரண்டாவது வகை.

படி 2: ஃபேனுக்கு முன் குழாயை மாற்றுங்கள்

செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு ஃபேனும் மணிக்கு 100 கன மீட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். இரண்டும் ஓடும்போது நான்கு அங்குலக் குழாயில் காற்று வினாடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகத்தில் போகும். ஆறு அங்குலத்தில் சுமார் 3 மீட்டர்தான். தடையோ ஏழு மடங்குக்கு மேல் குறைகிறது. சத்தமும் அடங்கும். பிளம்பர் பழக்கதோஷத்தில் டீ (T வடிவ) இணைப்பு போடுவார், விடாதீர்கள்; காற்று போகும் திசையில் சாய்ந்து சேரும் ஒய் (Y வடிவ) இணைப்புதான் வேண்டும். வளையும் ஃபிளெக்ஸ் குழாய் போட்டால் முழுக்க இழுத்துப் பிடித்து மாட்டுங்கள், தொய்ந்து கிடந்தால் தடை எகிறும்.

ஃபேன் விஷயத்தில் ஒரே வார்த்தை: விசிறி இறக்கை மாதிரி இருக்கும் சாதாரணச் சுவர் ஃபேனுக்கு நீண்ட குழாயைத் தாங்கும் அழுத்தம் கிடையாது. நீள டக்டுக்கு சென்ட்ரிஃபியூகல் (டிரம் மாதிரிச் சக்கரம் சுற்றிக் காற்றைத் தள்ளுவது) அல்லது இன்லைன் (குழாயின் நடுவிலேயே பொருத்துவது) வகை வாங்குங்கள். இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்று பலமாகவும் ஒன்று சோனியாகவும் இருந்தால், பலசாலி சோனியைப் பின்னால் தள்ளிவிடும்.

படி 3: ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் டேம்பர்

வாடைக்கு மருந்து இதுதான். கீழ் ஃபேன் ஓடி மேல் ஃபேன் நிற்கும்போது, காற்றுக்கு மொட்டை மாடி வரை ஏறுவதைவிட மேல் பாத்ரூமுக்குள் புகுவது சுலபம். நிற்கிற ஃபேனைத் தலைகீழாகச் சுற்றவிட்டபடி உள்ளே வரும். அந்த நிலையில் ஸ்விட்ச் போட்டால் மோட்டாருக்கும் கஷ்டம். எனவே ஃபேனுக்கு அடுத்து, பொதுக் குழாயில் சேருவதற்கு முன், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் டேம்பர் ஒன்று வையுங்கள். ஸ்பிரிங் வைத்த வகை நல்லது, எந்தக் கோணத்திலும் மூடிக்கொள்ளும். வெறும் தகடு தொங்கும் வகையில் கீல் மேல்பக்கம் வந்தால்தான் தானாக மூடும்.

படி 4: மாடியில் மூன்றாவது ஃபேன் வேண்டுமா?

குழாய் ரொம்ப நீளமென்றால் உச்சியில் ஒரு இன்லைன் ஃபேன் வைக்கலாம். உச்சியிலிருந்து இழுப்பதில் ஒரு லாபம் உண்டு. அது போதிய பலத்தோடு இழுத்தால், குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலும் வாடை வெளியே கசியாது, உள்ளேதான் இழுபடும். உண்மையில் புது வீடு என்றால் அறை ஃபேன்களை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைக்கச் சொல்வேன்.

வயரிங்கில் ஒரு பொறி இருக்கிறது. எந்த பாத்ரூம் ஸ்விட்சைப் போட்டாலும் மாடி ஃபேன் ஓடட்டும் என்று இரண்டு ஸ்விட்சின் வெளிவயரையும் மாடி ஃபேனில் சேர்த்து முறுக்கினால், ஒன்றைப் போட்டதும் மூன்று ஃபேனும் ஓடும், ஏனென்றால் சேர்த்த இடம் வழியாக மற்ற ஃபேனுக்கும் கரண்ட் போய்விடும். அதைவிட மோசம், மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்தளம் ஒரு ஃபேஸ், மேல்தளம் வேறு ஃபேஸ் என்றிருந்தால் இரண்டு ஃபேஸும் முட்டிக்கொள்ளும். ரிலே (ஒரு லைனின் கரண்டால் வேறொரு லைனை இயக்கும் ஸ்விட்ச்) அல்லது டபுள் போல் ஸ்விட்ச் (ஒரே தட்டில் இரண்டு லைனைத் தனித்தனியாக இயக்குவது) வைத்து, மாடி ஃபேனுக்கு ஒரே லைனிலிருந்து மட்டும் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். இது எலக்ட்ரீஷியன் வேலை, நாமே கை வைக்க வேண்டாம்.

படி 5: உள்ளே வர வழி விடுங்கள்

வெளியே போகிற அளவு காற்று உள்ளேயும் வர வேண்டும். கதவடியில் ஒரு விரல் இடைவெளி இல்லையென்றால் எத்தனை ஃபேன் போட்டும் பயனில்லை. பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் இந்த வேலையையே தொடாதீர்கள். ஃபேன் இழுக்கிற இழுப்பில் கீசர் புகை அறைக்குள்ளேயே திரும்பும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். சமையலறைப் புகைக்குழாயையும் இதில் சேர்க்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் தீப்பிடிக்கும்.

படி 6: ஊதுபத்திச் சோதனை

கீழ் ஃபேனை மட்டும் போட்டு, மேல் பாத்ரூம் கிரில் அருகில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நேராக மேலே எழும்பினால் டேம்பர் மூடியிருக்கிறது. அறைக்குள் தள்ளப்பட்டால் டேம்பர் சரியாக மூடவில்லை அல்லது திருப்பி மாட்டியிருக்கிறது. அடுத்து மேலே மட்டும் போட்டு, கீழே பாருங்கள். கடைசியில் இரண்டையும் போட்டால் இரண்டு கிரிலும் புகையை இழுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் நாள் மேல் கிரில் புகையைத் துப்பியது. கழற்றிப் பார்த்தால் டேம்பர் தலைகீழ். அம்புக்குறி போட்டுத்தான் விற்கிறார்கள், மாட்டியதும் நான்தான்.