தஞ்சக் கோரிக்கை நேர்காணலுக்கு முன் உங்கள் வாக்குமூலத்தை எழுதி வைப்பது எப்படி

தஞ்சம் கேட்டு வந்தவர்களின் நேர்காணல்களில் பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளராக உட்காருகிறேன். உண்மையிலேயே அடிபட்டு வந்த ஒருவர், அதைச் சொல்லத் தெரியாமல் நிராகரிக்கப்படுவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் மொழியிலேயே, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். யாரிடமும் "கேஸ்" எழுதி வாங்காதீர்கள். கடன் வாங்கிய கதையில் இரண்டாவது கேள்விக்கே பதில் இருக்காது. அதைவிடக் கொடுமை, உங்களுக்கு உண்மையில் நடந்ததையும் அதற்குப் பிறகு நம்பமாட்டார்கள்.

தேதிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நினைவில்லாத தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில், அந்த நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொன்றைத் தேடுங்கள். கணவரைப் பிடித்துப் போன நாள் எது என்று ஒரு அம்மாவிடம் கேட்டார்கள். "தேதி தெரியாது. சின்னவனுக்கு ஊசி போட்ட அன்று சாயங்காலம். கால் வீங்கி அழுதுகொண்டே இருந்தான், அதனால் கதவு தட்டியது முதலில் கேட்கவில்லை" என்றார். பையிலிருந்த தடுப்பூசி அட்டையில் தேதி இருந்தது. அதிகாரி அதற்கு மேல் தேதியைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளையின் பிறப்பு, தேர்தல், பரீட்சை என்று எதுவானாலும் சரி. அதுவும் இல்லையென்றால் "நினைவில்லை" என்பது நேர்மையான பதில்தான்.

அடுத்து, ஏன் உங்களை? இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது எழுதுங்கள். பட்ட கஷ்டத்தை மட்டும் வைத்து 1951 அகதிகள் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் ஒருவரை அகதியாக ஏற்பதில்லை. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவீர்கள் என்ற, தக்க காரணமுள்ள அச்சம் வேண்டும். நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லாமல் இருக்கலாம். துரத்தியவர்கள் உங்களைக் கட்சிக்காரர் என்று நினைத்தார்கள் என்றால் அதுவும் கணக்கில் வரும். நினைத்தார்கள் என்று எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். போலீசிடம் ஏன் போகவில்லை, அதே நாட்டில் வேறு ஊரில் ஏன் இருக்க முடியவில்லை, இப்போது திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்ற மூன்றும் கட்டாயம் வரும் கேள்விகள்.

வந்த வழியை மறைக்காதீர்கள். ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் காரணம் சொன்னவரை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் முதல் படிவத்திலேயே கொடுங்கள். விட்டுப்போன பெயரைப் பின்னால் சேர்த்து அவர்களை அழைப்பது பெரும்பாடு.

சித்திரவதையோ பாலியல் வன்முறையோ நடந்திருந்தால் அதை எழுத எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். முதலில் வழக்கறிஞரிடமாவது சொல்லுங்கள். பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர், துணைவர் இல்லாத தனி நேர்காணல் என்று கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். தழும்புகள் இருந்தால், 1999இல் வந்த இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதையின் தடயங்களை ஆராய்ந்து பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி) மருத்துவ அறிக்கை எழுதத் தெரிந்த டாக்டரைத் தேடித் தரும்படி கேளுங்கள்.

நேர்காணல் அன்று, மொழிபெயர்ப்பாளரின் பேச்சு புரியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். எங்கள் மனம் நோகும் என்று தலையாட்டிவிடாதீர்கள். அதேபோல, எங்களால் உங்கள் பக்கம் பேசவும் முடியாது. நீங்கள் சொன்னதை மட்டும்தான் சொல்வோம். முடிவில் பதிவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், எவ்வளவு களைத்திருந்தாலும் வரிவரியாகக் கேளுங்கள். தவறு இருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்துங்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் முதலில் மேல்முறையீட்டுக்கான கடைசி நாளைப் பார்த்து, அன்றைக்கே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டால், சொந்த நாட்டுத் தூதரகத்தில் போய் பாஸ்போர்ட் புதுப்பிக்காதீர்கள். அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று கருதி, அந்தஸ்தையே எடுத்துவிட வாய்ப்புண்டு. வெளிநாடு போக வேண்டுமா? அதே உடன்படிக்கையின் 28ஆம் பிரிவின்படி அகதிகளுக்கான பயண ஆவணம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள்.