மஞ்சளானது அடியிலையா, கொழுந்தா?

மாடியில் கத்தரியோ வெண்டையோ மஞ்சளடித்ததும் கையில் கிடைத்த உரத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள்.

அடியிலைகள் முழுவதுமாக வெளுத்து, செடியும் வளராமல் நின்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை. இந்தச் சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. தட்டுப்பாடு வந்ததும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அடியிலையின் ஓரம் மட்டும் தீய்ந்தால் பெரும்பாலும் சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறைவு. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு ஓரிடத்தில் சேர்ந்தால் நகராது, அதனால் புது இலைதான் முதலில் வெளுக்கும்.

சென்னையில் இந்த மூன்றாவது வகையை அடிக்கடி பார்க்கலாம். மண்ணில் இரும்பு இருக்கும். கடினமான போர் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றுவதால் மண் காரத்தன்மை ஏறி, வேருக்கு அது கிடைக்காமல் போகும். செடி வளர்க்கும் பைமேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அங்கே அடுப்புச் சாம்பல் தூவாதீர்கள், காரம் இன்னும் கூடும். பிடித்து வைத்த மழைநீரையோ குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரையோ அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். பிறகு மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கலக்கலாம்.

தழைச்சத்துக்குக் கடலைப் புண்ணாக்கு நல்லது. 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் பைக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். அளவு மீறினால் இலை தளதளவென்று வரும், பூ வராது, அசுவினிப் பூச்சி மொய்க்கும். பஞ்சகவ்யா தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி, மாலையில்.

பை நிரப்பும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு, மூன்று முறை அலசிப் பிழியுங்கள். மட்காத சாணமோ காய்கறிக் கழிவோ வேண்டவே வேண்டாம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்; பச்சைச் சாணத்தின் சூட்டில் வேரும் கருகும். சாணம் போடுவதானால் அது மட்கி, மண்வாசனை அடித்து, கையில் உதிர வேண்டும்.

தக்காளியின் அடி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) காய்க்குப் போய்ச் சேரவில்லை. அதற்காகப் போடும் முட்டை ஓடு அன்றைக்கே பலன் தராது, அது மட்க மாதங்களாகும். பெரும்பாலும் காரணம், ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான். வெயில் நாட்களில் காலை மாலை இரண்டு வேளையும் அளவாக ஊற்றி, காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சத்தெல்லாம் துளை வழியே ஓடிவிடும். அப்போது உரம் போட்டால் வீண்; மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போடுங்கள்.